கதவை உடைத்து வந்தவர்கள்

நர்ஸ் வந்து கையைப் பிடிக்கும்வரை அவள் வாசித்துக்கொண்டேதான் இருந்தாள்.

"மேடம், போதும்."

"தூங்கிட்டாரா?"

நர்ஸ் அப்பாவின் கழுத்தில் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினாள். மடியிலிருந்த விடைத்தாள்கள் சரிந்து கட்டிலுக்கடியில் பரவின. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். அந்த நேரத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

கல்லூரியில் இலக்கியம் நடத்துகிறவள் அவள். ரயில் நிலையத்தில் அறிவிப்பு சொல்லும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் பொழுது நகரவில்லை. எதையாவது வாசி என்றார். கையில் இருந்தது விடைத்தாள் கட்டுதான்.

இருண்ட எதிர்காலத்தைப் பற்றிய ஒரு சிறுகதை; அதன் கருப்பொருளையும் தொனியையும் ஆராயச் சொல்லிக் கேள்வி. சைரன் ஊதியபின் யாரும் பேசக்கூடாத நகரம். தனியாக இருக்கும் ஒரு கிழவன் சுவரோடு பேசுகிறான். காவலர்கள் கதவை உடைத்துக்கொண்டு வருகிறார்கள். அவன் எழுந்து, "வாங்க, சாப்பிட்டீங்களா?" என்கிறான். அதோடு கதை முடிகிறது.

கருப்பொருள் அடக்குமுறை, தொனி அச்சம் என்று எல்லாத் தாள்களும் ஒரே குரலில் சொல்லின.

"அத்தனை பேரும் ஒண்ணையே எழுதியிருக்காங்களே. நீ சொல்லிக் குடுத்ததா?" என்றார் அப்பா.

"வேற என்னப்பா எழுத முடியும்? பயத்துல உளர்றான்."

"எனக்கு அப்படித் தெரியலையே. அவங்களை நக்கல் பண்றான்மா."

"சாகப்போற நேரத்துல எவனாவது நக்கல் பண்ணுவானா?"

"ரயில் லேட்டுன்னாலும், வந்தாச்சுன்னாலும் நான் ஒரே குரல்லதான் சொல்லுவேன். கேக்கறவன் பாடு அது."

அவள் அடுத்த தாளை எடுத்தாள். இதிலும் அச்சம்தான். அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறார் என்று நினைத்து, "சும்மா இருங்கப்பா" என்று அவளும் சிரித்தாள். அந்தத் தாளை முடித்து மதிப்பெண் போட்டாள். இன்னொன்றைத் தொடங்கினாள்.

உடலைக் கொண்டுவருகிற ஏற்பாட்டை ஆஸ்பத்திரிக்கு வந்த மாமாவும் அண்ணனும் பார்த்துக்கொண்டார்கள். முழங்கால் வலியால் வீட்டிலேயே இருந்த அம்மாவிடம் அவள் மட்டும் முதலில் போனாள். விஷயம் போனில் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா அழவில்லை. முன்னறையில் மேசையை ஓரமாக நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"நீ பக்கத்துலதானே இருந்தே? கடைசியா என்ன சொன்னார்?"

அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே இருந்தது. எத்தனை முறை திரும்பக் கேட்டாலும் ஒரு முறை சிரிப்பாகவும் மறுமுறை வேறாகவும் கேட்டது.

"சிரிச்சார்மா... சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

"எதுக்கு?"

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று புரியாமல், அவள் கதையையே சொன்னாள். சைரன், சுவர், உடைந்த கதவு. சாவு வீட்டில் சொல்லும் கதையா இது என்று பாதியில் தோன்றியது, நிறுத்த முடியவில்லை. அம்மா மேசையில் கையை ஊன்றியபடி முழுவதையும் கேட்டாள்.

"அப்பா அதை நக்கல்னார். நான் பயம்னேன்."

அம்மா மேசையை இன்னும் கொஞ்சம் சுவரோரம் தள்ளினாள்.

"பாவம்" என்றாள் பிறகு. "அவன் வீட்டுக்கு வேற யாரும் வர்றதில்ல போல."

அவள் மேசையின் மறுமுனையைப் பிடிக்கக் குனிந்தாள். விடைத்தாள் இருந்த பையை இன்னும் தோளிலிருந்து இறக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தம் கேட்டது. அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்துபோய் யாராவது வந்தால் போடும் வாசல் விளக்கைப் போட்டாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மாமா உள்ளே வந்தார், அண்ணன் வந்தான், அப்பாவைத் தூக்கி வந்தவர்களும் வந்தார்கள். விளக்கை யாரும் அணைக்கவில்லை.