ஒரு வாரம் நான் சாதுவாக இருந்தேன்

எனக்குக் கோபம் வராது. சிரிக்காதீர்கள். எங்கள் பஸ் டிப்போவில் யாரைக் கேட்டாலும் "யாரு, கடுகா? அம்மாடி!" என்பார்கள். ஆள் குள்ளம், பொரிவது ஜாஸ்தி என்று எனக்குச் சூட்டிய பெயர் அது. ஆனால் கோபம் வேறு, சுபாவம் வேறு. கோபம் வந்துவிட்டுப் போகிற விருந்தாளி. சுபாவம் வீட்டோடு இருக்கிற ஆள். எதையும் எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி சொல்வது என் சுபாவம். மறு நிமிஷமே திட்டு வாங்கியவனோடு உட்கார்ந்து டீ குடிப்பேன்.

பதினாறு வருஷமாக பிரேக் இன்ஸ்பெக்டர். தலைமை இன்ஸ்பெக்டர் வேலைக்கு இரண்டு தடவை மனு போட்டேன், இரண்டு தடவையும் கை நழுவிப் போனது. வருஷா வருஷம் நிரப்புகிற படிவத்தில் 'சுபாவம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் மேனேஜர் ஒரே ஒரு வார்த்தை எழுதுவார்: முன்கோபி. ஒருவரைத் 'தங்கமான சுபாவம்' என்றால் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை என்று அர்த்தம். 'அவ சுபாவம் அப்படி, விடு' என்றால் மன்னித்துவிட்டார்கள், ஆனால் வேலை கொடுக்க மாட்டார்கள் என்று அர்த்தம். இந்த மூன்றாவது மனுதான் கடைசி. அடுத்த வருஷம் வயசு வரம்பு தாண்டிவிடும்.

"வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டு இருடி, ஒண்ணும் செத்துப் போயிட மாட்ட" என்றாள் என் அக்கா. சமையலறையில் நிற்க வைத்து ஒத்திகை வேறு. 'தயவுசெஞ்சு', 'நேரம் கிடைச்சா', 'பரவாயில்ல'. நான் சொல்கிற விதத்தைக் கேட்டு மாமா ஓடி வந்து, "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டார்.

திங்கட்கிழமையிலிருந்து சாதுவானேன். மெக்கானிக் சோடாபுட்டி, தடிக்கண்ணாடி போட்டிருப்பவன், பயந்தே போனான். "அக்கா, வீட்ல எல்லாரும் நல்லாத்தானே இருக்காங்க?" நான் புன்னகைத்தேன். அவன் இன்னும் பயந்தான். மேனேஜர் தூரத்திலிருந்து தலையாட்டிக்கொண்டார். எனக்கு வயிற்றெரிச்சல்தான், இருந்தாலும் வேலை கிடைத்துவிடும் என்று ஆசை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஏழாம் நம்பர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். பிரேக்குக்குக் காற்று போகிற ரப்பர் குழாய் உரசி உரசித் தேய்ந்திருந்தது. மற்ற நாளாக இருந்தால், "டேய், இந்த வண்டி ஒரு அடி நகர்ந்துச்சு, தோலை உரிச்சிடுவேன்" என்றிருப்பேன். அன்று பாழாய்ப்போன வாய், "தம்பி, அந்தக் குழாய் கொஞ்சம் தேஞ்ச மாதிரி இருக்கு. நேரம் கிடைச்சா பாருங்களேன்" என்றது.

"ஆகட்டும்க்கா" என்றான் சோடாபுட்டி.

வினையே அதுதான். வண்டி வெளியே போகலாம் என்று கையெழுத்துச் சீட்டு ஒன்று உண்டு. காலை அவசரத்தில் அதை யாரும் பார்ப்பதில்லை, மத்தியானம்தான் எழுதுவோம். நான் கத்தினால் வண்டி நிற்கும். கத்தாவிட்டால் போகும். என் கத்தல்தான் சீட்டு என்கிற இந்த ஏற்பாடு அதுவரை எனக்கே உறைக்கவில்லை.

கை கழுவி, வேறு உடை மாற்றி, மாடியில் இன்டர்வியூ அறைக்கு வெளியே உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஏழாம் நம்பர், டிப்போவுக்குள்ளேயே ஏறிக்கொண்ட நாற்பது பேரோடு கேட்டை நோக்கிப் போகிறது. கேட்டைத் தாண்டினால் செங்குத்தான இறக்கம். இறக்கத்தின் அடியில் பள்ளிக்கூடம்.

"நிறுத்துடா வண்டிய!"

ஐந்து நாளாகத் தொண்டையில் அடைத்துக் கிடந்ததெல்லாம் அந்த ஒரு கத்தலில் வந்தது. டிரைவர் காரணம் கேட்கவில்லை. வண்டி கேட்டுக்குள்ளேயே நின்றது. எனக்குப் பின்னால் இன்டர்வியூ அறைக் கதவு திறந்தது. மூன்று அதிகாரிகளும் மேனேஜரும் வந்து நின்றார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டே படியிறங்கி ஓடினேன்.

ஆட்களை இறக்கிவிட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, "இப்ப அழுத்தி மிதி" என்றேன். டிரைவர் மிதித்தார். குழாய் படாரென்று வெடித்தது. காற்று சீறி மண்ணை வாரி என் முகத்தில் அடித்தது.

"நீங்க திட்டவே இல்லையேக்கா" என்றான் சோடாபுட்டி. அழுதுவிடுவான் போலிருந்தது.

அதே மண்ணோடு அதிகாரிகள் முன்னால் போய் உட்கார்ந்தேன். நடுவில் இருந்த அதிகாரியம்மா படிவத்தைப் பார்த்தார். "முன்கோபின்னு போட்டிருக்கே?"

"அது தப்பும்மா. இன்னிக்கு நடந்தது என் தப்பு. இந்த வேலைக்காக வேற யாரோட சுபாவத்தையோ ஒரு வாரம் இரவல் வாங்கிப் போட்டுக்கிட்டேன். நாப்பது பேரைக் கொன்னிருப்பேன். நீங்க வேலை குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, திங்கக்கிழமை கத்தத்தான் போறேன். ஆனா ஒண்ணு, இனிமே கையெழுத்துச் சீட்டு இல்லாம கேட்டைத் திறக்கவே கூடாது. எனக்கு ஒரு நாள் தொண்டை கட்டிக்கிட்டா அதுக்காக யாரும் சாகக் கூடாது பாருங்க."

அந்த அம்மா மேனேஜர் பக்கம் திரும்பினார். "இத்தனை வருஷத்துல இது உங்களுக்குத் தோணலையா?" மேனேஜர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், அவர் சுபாவம் அப்படி.

மத்தியானமே உத்தரவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். படியிறங்கி வந்தேன். பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. "கிடைச்சிடுச்சு" என்றேன். சந்தோஷத்தில் தொண்டை அடைத்து, சத்தமே வரவில்லை.

"ஒண்ணும் கேக்கலக்கா, சத்தமா சொல்லுங்க" என்றான் சோடாபுட்டி.

சொன்னேன். தெருக்கோடி வரை கேட்டதாம்.