சாய்ந்திருந்த குழாய்

மணிக்கூடு அடித்ததும் செல்வமலர் குழாய்க்கு நேரே கண்ணைத் தாழ்த்தினாள். தொண்ணூற்று நான்கு. சரியாகப் பார்த்தோமா என்று மறுபடியும் பார்த்தாள். அதே தொண்ணூற்று நான்கு. குழாயில் ஒட்டிய சீட்டில் அவளுடைய அண்ணன் ஆனந்தராஜாவின் பெயர் இருந்தது.

கிழக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றின் நிலக்கீழ் ஆய்வுகூடத்தில் இரத்தம் பார்ப்பது அவள் வேலை. ஒன்பது வருடமாக இந்தக் குழாயைத்தான் பார்த்து வருகிறாள். இரத்தத்தை ஒல்லிக் கண்ணாடிக் குழாயில் நிமிர்த்தி வைத்தால் சிவப்பணுக்கள் மெல்லக் கீழே இறங்கும். நல்ல உடம்பில் ஒரு மணித்தியாலத்துக்குப் பத்துப் பதினைந்து மில்லிமீட்டர். உடம்புக்குள் எங்காவது அழற்சி மூண்டால் இரத்தத்தில் ஒருவகைப் பசைப்புரதம் கூடும். அணுக்கள் அப்பளம் அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்ளும். அடுக்குக்குப் பாரம் அதிகம், விரைந்து விழும்.

மேலே மூன்றாம் மாடியில் அண்ணன் கிடந்தார். முந்தின நாள் காலை பெட்ரோல் ஷெட்டில் வேலையில் நின்றபடியே விழுந்து, வலப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. பக்கவாத நோயாளிகளின் முதல்நாள் இரத்தத்தையும் அவர்கள் வீடு திரும்பினார்களா என்பதையும் டொக்டர் ஜம்புநாதன் இரண்டு வருடமாக ஒப்பிட்டு வந்தார். இந்தக் குழாய் எண் அறுபதுக்கு மேல் போனவர்களில் வீடு போனவர்கள் கொஞ்சம். அந்த எண்களில் பாதியை எழுதிக் கொடுத்தவளே செல்வமலர்தான்.

“இது நூறு பேரைப் பத்திச் சொல்ற கணக்கும்மா,” என்று அவர் காலையில் சொல்லியிருந்தார். “ஒருத்தரைப் பத்தி எதுவும் சொல்லாது. போட்டுக் குழப்பிக்காதீங்க.”

அப்போதுதான் மேசை சமமாக இருக்கிறதா என்று காட்டும் நீர்மட்டம் கண்ணில் பட்டது. குமிழி இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. மேசைக்காலின் கீழ் வைத்த அட்டையைத் துப்புரவுக்காரர் கூட்டித் தள்ளிவிட்டார் போலும். குழாய் கொஞ்சம் சாய்ந்தாலே போதும். அணுக்கள் ஒரு பக்கச் சுவரோடு வழுக்கிக்கொண்டு இறங்கும், எண் பொய்யாய்க் கூடும். அப்படியென்றால் தொண்ணூற்று நான்கு சரியான எண் இல்லை.

கதவடியில் அண்ணி தவமலர் நின்றாள். ஐந்தாம் முறையாக லிஃப்டில் இறங்கி வந்திருக்கிறாள். மகள் மான்செஸ்டரில் படித்துக்கொண்டிருந்தாள்.

“மச்சாள், பிள்ளைக்குச் சொல்லவோ? நாளைக்குக் கடைசிச் சோதனை. சொன்னா எழுதமாட்டாள். சொல்லாமல் விட்டா…”

“அண்ணன் என்ன சொல்லுவாரெண்டு உங்களுக்குத் தெரியுந்தானே?”

“ஓம். ‘சோதனை நேரத்திலை ஆர் கரைச்சல் குடுத்தது?’ எண்டு கத்துவார். எழும்பிக் கத்தட்டும்.”

“ஒரு மணித்தியாலம் பொறுங்கோ மச்சாள். மேசை சரிவு. திருப்பிப் பாக்கிறன்.”

அட்டையை மடித்துக் காலுக்குக் கீழே செருகினாள். குமிழி நடுவுக்கு வந்தது. மிச்ச இரத்தத்தைப் புதுக் குழாயில் ஏற்றி, மணிக்கூட்டை முடுக்கினாள். மணி பன்னிரண்டு. தவமலர் ஸ்டூலில் உட்கார்ந்து, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மேலே ஒரு மஞ்சள் தெளிவு, கீழே சிவப்பு. இரண்டுக்கும் நடுவிலுள்ள கோடு அவசரமில்லாமல் இறங்கியது.

ஒரு மணிக்கு எண்பத்தொன்று.

“மச்சாள்?”

“போன் எடுங்கோ.”

மான்செஸ்டர் விடுதியில் மகள் சுலோச்சனாவைத் தேடிப்பிடிக்கப் பத்து நிமிடம் சென்றது. ஆனந்தராஜா நாலரைக்கு இறந்துபோனார். தவமலர் அவருடைய வலக்கையைப் பிடித்திருந்தாள். அது முந்தின நாளிலிருந்தே ஒன்றும் அறியாத கை.

சுலோச்சனா ஐந்தரைக்கு வந்தாள். தோள்பையிலிருந்து சோதனைக் குறிப்புகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அப்பாவைப் பார்த்துவிட்டு வெளியே வந்து செல்வமலருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“சரியா ஒரு மணிக்கு ஒரு ட்ரெயின் இருந்தது மாமி. அது போன பிறகுதான் அம்மா கோல் பண்ணினவ.”

“ஓம்.”

“அது நாலு மணிக்கெல்லாம் கொண்டுவந்து விட்டிருக்கும்.”

“ஓம்.”

தன் குளிர்க்கோட்டை எடுக்கச் செல்வமலர் கீழே ஆய்வுகூடத்துக்குப் போனாள். எல்லோரும் போய்விட்டிருந்தார்கள். இரண்டாவது குழாயை யாரும் கழுவவில்லை. அணுக்கள் இறங்கக்கூடிய மட்டும் இறங்கி அடியில் இறுகியிருந்தன. கோட்டைப் போட்டுப் பொத்தான்களைப் பூட்டினாள். விளக்கை அணைக்கப் போனவள் மேசையைப் பார்த்தாள்.

நீர்மட்டத்தின் குமிழி நேர்நடுவில், அசையாமல் நின்றது.