ஐந்தாவது ஆள்

ரீக்காவுக்குப் பொதுவாக யாரையும் பிடிக்காது. சுன்னிவாவைக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்காது.

காரணம் பெரிய ரகசியமில்லை. ஸ்னோபோர்டு என்ற பனிச்சறுக்குப் பலகைப் பந்தயத்தில், முழங்காலுக்குக் கீழே ஊனமுள்ள பெண்களின் பிரிவில் அந்தக் குளிர்காலம் முழுக்க நார்வேக்காரி சுன்னிவாதான் முதலாவதாக வந்தாள். பின்லாந்துக்காரி ரீக்கா ஒவ்வொரு தடவையும் அவள் முதுகைப் பார்த்தபடி இரண்டாவதாக வந்தாள். மிச்சமிருந்தது பின்லாந்தின் வடகோடியான லாப்லாந்தில் நடக்கவிருந்த கடைசிப் பந்தயம். அதில் ஜெயித்தால் ரீக்காவுக்குப் பாராலிம்பிக் குழுவில் இடம். தோற்றால் வீட்டு சோபாவில் இடம்.

பந்தயத்துக்கு முந்தைய நாள் மதியம் பெண்கள் எல்லாரும் சானா என்ற நீராவிக் குளியலறையில் இருந்தார்கள். ரீக்கா தன் செயற்கைக் காலைக் கழற்றிக் கதவோரம் சாய்த்துவிட்டு, நொண்டியடித்துப் போய் மேல் பலகையில் ஏறினாள். சானாவில் யாரும் எதையும் மறைக்க முடியாது. கீழே அடுப்போரம் உட்கார்ந்திருந்த சுன்னிவாவின் இரண்டு கால்களும் முழுசாக, வழவழவென்று இருந்தன. ரீக்காவுக்கு வயிறு எரிந்தது.

"ஏண்டி, உனக்கு எங்கதான் குறை? ரெண்டு காலும் ஜோரா இருக்கே!"

"பாக்க ஜோராத்தான் இருக்கு. ஒரு வேலைக்கும் ஆகாது," என்றாள் சுன்னிவா. "என் பழைய புருஷன் மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். முழங்காலுக்கு மேலே ஊனமுள்ளவர்களின் பிரிவைச் சேர்ந்த நால்வரும் ஒரு மூலையில் இருந்தார்கள், அவர்களும் சிரித்தார்கள். அது ரீக்காவுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஒரு பிரிவுக்கு ஐந்து பேராவது இருந்தால்தான் பந்தயம் என்பது விதி. அந்த நால்வருக்கு வருஷக்கணக்காக ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. மலைமலையாகப் போய் சும்மா சறுக்கிவிட்டுத் திரும்புவார்கள்.

"உங்களுக்கு என்னடி சிரிப்பு? சுற்றுலா வந்தவங்கதானே நீங்க," என்று அவர்களுக்கும் ஒரு குத்து விட்டாள்.

அப்போது அவர்களில் ஒருத்தி கத்தினாள்: "சுன்னிவா, கால்!"

சுன்னிவாவின் வலது பாதம் அடுப்புக் கம்பியில் ஒட்டிச் சிவந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். பிறகு தொடையை இரண்டு கையாலும் தூக்கி, காலை இப்பக்கம் எடுத்து வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லை.

'வலிக்காத மாதிரி நல்லா நடிக்கிறா,' என்று நினைத்துக்கொண்டாள் ரீக்கா. பொறாமை பிடித்த கண்ணுக்கு வேறு என்ன தெரியும்?

ஈரத் தலையோடு நேராகத் தன் பயிற்சியாளர் பெர்த்தியிடம் போனாள். அவர் வெளியே நெருப்பில் சாசேஜ் சுட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த நார்வேக்காரி மேல புகார் குடுங்க. அவளுக்கு ஊனமே இல்ல. திரும்ப சோதிக்கச் சொல்லுங்க."

"யோசிச்சுப் பாத்தியாம்மா? உங்க பிரிவுல..."

"நியாயத்துக்கு என்ன யோசனை? குடுப்பீங்களா மாட்டீங்களா?"

பெர்த்திக்கு ரீக்காவின் வாயைத் தெரியும். சாசேஜைக் கடித்தபடியே புகாரில் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலமே டாக்டர்கள் சுன்னிவாவைப் படுக்கவைத்து ஊசியால் குத்தினார்கள், காலைத் தூக்கச் சொன்னார்கள், மடக்கச் சொன்னார்கள். காலையில் பந்தயத் தலைவர் எல்லாரையும் கூப்பிட்டு முடிவை வாசித்தார். பாதிப்பு முழங்காலுக்குக் கீழே மட்டுமில்லை, இடுப்பிலிருந்தே நரம்பு செத்துக் கிடக்கிறது. இதுவரை தவறான பிரிவில் சறுக்கியிருக்கிறாள். இனிமேல் முழங்காலுக்கு மேலே ஊனமுள்ளவர்களின் பிரிவு.

'எப்படியோ தொலைந்தாள்!' ரீக்காவுக்கு வாயெல்லாம் பல். பதக்கமே கழுத்தில் விழுந்துவிட்ட மாதிரி நிமிர்ந்து நின்றாள்.

தலைவர் அடுத்த வரியையும் வாசித்தார். முழங்காலுக்கு மேலே, ஐந்து பேர், பந்தயம் உண்டு. முழங்காலுக்குக் கீழே, நான்கு பேர், பந்தயம் ரத்து.

மூலையில் அந்த நால்வரும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு கூச்சல் போட்டார்கள். ரீக்காவுக்குக் காது அடைத்துப்போனது. பெர்த்தியிடம் பாய்ந்தாள்.

"நாலு பேராயிடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நீ எங்கம்மா சொல்ல விட்ட? உன் தலையில நீயே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்ட. நான் கையெழுத்துதான் போட்டேன்."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சுன்னிவா காலை இழுத்து இழுத்து வந்து, ரீக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தொடையும் செத்துப்போச்சுன்னு ஒரு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு ஆளும் காது குடுக்கல. உன் ஒரு புகார்ல வேலை முடிஞ்சுது. நல்லா இருப்ப நீ!"

கேலியாக இருந்திருந்தால் ரீக்கா பதிலுக்கு வெளுத்து வாங்கியிருப்பாள். ஆனால் சுன்னிவா மனசாரச் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

இதற்குள் தலைவர் வந்து தலையைச் சொறிந்தார். "பந்தயத்துக்கு முன்னாடி பாதை சரியா இருக்கான்னு யாராவது ஒருதடவை இறங்கிப் பாக்கணும். நீ இப்ப சும்மாத்தானே இருக்க?"

ரீக்கா அவரை வாயில் வந்தபடி திட்டினாள். திட்டிக்கொண்டே மேலே போய், பலகையை மாட்டிக்கொண்டு இறங்கினாள். ஆத்திரமோ என்னவோ, அன்றைக்கு அவள் இறங்கிய மாதிரி அந்தக் குளிர்காலத்தில் யாருமே இறங்கவில்லை. ஒரு வளைவில்கூடத் தடுமாறவில்லை. கீழே நின்றிருந்த பெர்த்தி தொப்பியைக் கழற்றிவிட்டார்.

எல்லைக்கோட்டைத் தாண்டியதும் பழக்க தோஷத்தில் நேரம் காட்டும் திரையை நிமிர்ந்து பார்த்தாள். கடிகாரத்தை இன்னும் யாரும் போட்டிருக்கவில்லை. ஒலிபெருக்கி கரகரத்து முதல் பெயரைக் கூப்பிட்டது. சுன்னிவா.