குடும்பப் பெயர் இல்லாதவர்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் தாரணி. அரசாங்க மின்சேவைகளுக்கு நிரல் எழுதுபவள்; பழைய கல்லூரித் தோழி. சிங்கப்பூரில் கிளமெண்டிக்குப் போகும் ரயிலில் பார்த்தபோது, “இன்னைக்கு ஒரு பழைய புரோகிராம் கோட மூடிட்டேன்லா” என்றாள். குரல் சரியாக இல்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: மழையில் நனைந்தபடி தாரணி அலுவலகத்தை விட்டு…

(அன்று மழையே இல்லை. விட்டுவிட்டேன்.)

2

ஏழு வருடத்துக்கு முன் அவள் ஒரு கிளினிக் முன்பதிவுச் சேவையில் இருந்தாள். அதன் நிரல் திறந்தே கிடந்தது. யாரும் படிக்கலாம், திருத்தி அனுப்பலாம். வெகுநாள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு நான்கு வரித் திருத்தம் ஒன்று வந்தது. அனுப்பியவர் அழகர்சாமி, கப்பல் பட்டறையில் வெல்டர். தொழிலாளர் விடுதியில் கைப்பேசியை வைத்தே நிரல் கற்றவர். பல்வலிக்கு முன்பதிவு செய்யப் போனால், குடும்பப் பெயர் கேட்டுப் படிவம் நகரவில்லை. அவருக்கு இருந்தது ஒரே பெயர். அந்தக் கட்டத்தைக் காலியாக விடலாம் என்பதுதான் அந்த நான்கு வரி.

திருத்தத்தை ஏற்கலாமா என்று தாரணி கேட்டபோது, மேலாளர் சுஹைப் முன்பதிவு செய்தவர்களின் தரவைக் காட்டினார். “ஒத்தப் பேருக்காரங்க அரை பர்சென்ட்கூட இல்ல தாரணி. அப்புறம் பாக்கலாம்லா.”

“புக் பண்ண முடியாதவங்க டேட்டாவுல எப்படி சார் வருவாங்க?”

(இங்கே சுஹைப்பை வில்லனாக்கப் பார்த்தேன். “அவர் நல்ல மனுஷன், அப்படி எழுதாத” என்று தடுத்துவிட்டாள்.)

3

ஞாயிற்றுக்கிழமை அழகர்சாமியைப் பார்க்கத் தாரணி லிட்டில் இந்தியா போனாள். டன்லப் ஸ்திரீட் காப்பிக்கடையில் வீங்கிய கன்னத்தோடு அழகர்சாமி காத்திருந்தார். சுற்றி முப்பத்தோரு நண்பர்கள், கையில் கைப்பேசிகள்.

“எல்லாரும் முயற்சி பண்ணுங்கடா. மேடம் பாக்கட்டும்.”

பத்தொன்பது பேருக்குப் படிவம் நகரவில்லை. மற்றவர்களில் சிலர் குடும்பப் பெயருக்கு அப்பா பெயரைப் போட்டிருந்தார்கள், ஒருவர் ஊர்ப் பெயரை. தாரணி ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டாள். நேரம் போனதே தெரியவில்லை. யாரோ வாங்கி வைத்த தே தாரிக் டீ ஆறியும் போனது. அரசாங்க வேலையில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷமான மத்தியானம் அதன்பின் வாய்க்கவில்லையாம்.

திங்கட்கிழமை சுஹைப் அந்தப் பக்கங்களைப் படித்தார். திருத்தத்தை அவரே ஏற்றார். அந்த வாரமே அழகர்சாமி பல்லைப் பிடுங்கிக்கொண்டார்.

(தாரணிக்கும் அழகர்சாமிக்கும் நடுவே காதல் வைக்கலாமா என்று… அவள் முதல் நாளே ‘அண்ணே’ என்று கூப்பிட்டுவிட்டாள்.)

4

இப்போது புதுச் சேவை வந்துவிட்டது. பழைய நிரலைப் பூட்டுவது தாரணியின் பொறுப்பு. பூட்டுவதற்கு முன் அழகர்சாமியைப் போனில் அழைத்தாள். அவர் ஊர் திரும்பி, கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார்.

“புதுசுல என் நாலு வரி இருக்கா மேடம்?”

“இல்லண்ணே. குடும்பப் பேருன்னு ஒரு கட்டமே இல்ல இப்ப.”



“அப்ப அது தேவையே இல்ல” என்று சிரித்தார். “பழசுல?”

“அதுல உங்க பேரு இருக்கும். இனி யாராலயும் மாத்த முடியாது.”

“சரி, மூடுங்க.”

அவர் இணைப்பில் இருக்கும்போதே பொத்தானை அழுத்தினாள். அதன்பிறகும் நாற்பது நிமிடம் பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். அவள் இறங்கும் ரயில் நிலையம் வந்துவிட்டது, இறங்கிப் போய்விட்டாள்.

நான்கு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். எதிலும் அவர்கள் இருவரும் பேசவில்லை, நான்தான் பேசினேன். அந்த நாற்பது நிமிடத்தை நீங்கள் எழுதுங்கள்.