ஜூலை மூன்றில் அறுத்த சோளம்

ஆண்டறிக்கை அச்சுக்குப் போக இன்னும் இருபத்தொன்பது மணி நேரம் இருந்தது. வருவதும் போவதும் தெரியாததால் பயிர்க் கணக்கு அலுவலகத்தில் ‘பூனை’ என்று பெயர் வாங்கியிருந்த பெண், ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரிவுத் தலைவர் அந்தத் தாளை விரலால் தட்டினார்.

“போன வருஷம் சோளம் பூஜ்யம். இந்த வருஷம் ரெண்டு மடங்கு. நிலமா, மாயப் பெட்டியா? உட்கார்ந்த இடத்துலயே அறுவடை பண்ணியிருக்காரு மனுஷன்! பதினேழாம் வட்டாரத்தை வெட்டிடும்மா. விளைச்சல் அளந்து இதை எழுதின அந்த அளவரையும் வேலையிலருந்து எடுத்துடலாம்.”

“ஏட்டுச் சுரைக்காய் சார்” என்று பக்கத்து மேசைக்காரர் ஒத்து ஊதினார்.

அவள் பேனாவை எடுத்தாள். வெட்டவில்லை. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவள் எழுதப் பழகியிருந்தாள். சிபாரிசில் வந்தவள் என்று ஒரு சொல் வரக் கூடாதென்று மூன்று வருடமாக அதை யாரிடமும் சொன்னதில்லை.

அலுவலகத்தின் ஆண்டு ஜூலை ஒன்றில் பிறந்து ஜூன் முப்பதில் முடியும். அறுப்பு எந்த ஆண்டில் விழுகிறதோ, விளைச்சல் அந்த ஆண்டுக் கணக்கு. அவள் பதிவறைக்குப் போனாள். நூல் கட்டிக் கிடந்த எடைச் சீட்டுகளை மாலை வரை புரட்டினாள்.

மறுநாள் காலை அவற்றைத் தலைவர் மேசையில் பரப்பினாள்.

“போன வருஷம் மழை விடல சார். சோளம் தள்ளிப் போயி ஜூலை மூணுல அறுத்தாங்க. இந்த வருஷம் வெயில் முந்திக்கிச்சு. ஜூன் இருபத்தேழுலயே அறுத்துட்டாங்க. ரெண்டு அறுப்பும் ஒரே ஆண்டுக்குள்ள வந்துடுச்சு.”

“அப்ப சுத்தி இருக்கிற வட்டாரமெல்லாம் எப்படி ஒழுங்கா இருக்கு?”

“ஒழுங்கா இருக்கட்டும்னு போன வருஷ அறுப்பை ஜூன் முப்பதுனு எழுதிட்டாங்க சார். எடை மெஷின் அடிச்ச தேதியைப் பாருங்க.”

பதினொரு வட்டாரம். எல்லாச் சீட்டிலும் ஜூலை.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். பக்கத்து மேசைக்காரருக்குத் திடீரென்று தேநீர் ஞாபகம் வந்துவிட்டது.

“பதினேழு அப்படியே இருக்கட்டும். மத்த பதினொண்ணையும் திருத்து. அச்சகத்துக்கு நான் சொல்லிக்கிறேன்.” பதினேழின் தாளிலிருந்த கையெழுத்தைப் பார்த்தார். “இத்தனை பேருல ஒருத்தர்தான் தேதியை மாத்தாம எழுதியிருக்காரு. யாரும்மா இவரு?”

பூனையின் குரல் அன்று கடைசி மேசை வரை கேட்டது.

“எங்க அப்பா, சார்.”