பதினாலு பேருக்கு ஒரு ஃபோன்

அப்பாவோட காரியம் முடிஞ்ச மறுநாளே எழிலரசன் மூலக்குளத்து ஆபீசுக்குப் போயிட்டான். அழுகை வரல. சாவு அன்னிக்கும் வரல, வர்றப்ப வரட்டும்னு வுட்டுட்டான். மொதலாளி ராஜ்மோகன் ஒரே கேள்வியோட காத்துக்கினு இருந்தாரு. ஏபிஐயைத் தொறந்தே வைக்கிறதா, அனுமதி வாங்கினவங்களுக்கு மட்டுமா, மொத்தமா மூடிடறதா? நீதானே எழுதுன, நீயே முடிவு பண்ணுன்னு சொல்லிட்டு டீ குடிக்கக் கெளம்பிட்டாரு.

ஏபிஐன்னா பெரிய மந்திரம் இல்ல. நம்ம ஆப்ல இருக்கிற தகவலை இன்னொரு ஆப் வந்து கேட்டு வாங்கிட்டுப் போற தோட்டத்துக் கதவு, அவ்ளோதான். இவங்க ஆப்பு, வில்லியனூர், பாகூர் பக்கம் நடவுக்கும் களையெடுக்கவும் எந்த ஊர்ல யார் இருக்காங்கன்னு காட்டற ஆப்பு. ஆறு மாசம் முந்தி எழில்தான் வீராப்பாப் பேசினான். கதவைத் தொறந்து போடுங்க சார், உரக்கடை ஆப்பு, டிராக்டர் வாடகை ஆப்பு எல்லாத்துலயும் நம்ம ஆளுங்க பேரு தெரியட்டும், வேலை தானாத் தேடி வரும்னான். வந்துச்சும். உறுவையாத்துல அவன் அம்மா தனக்கொடியோட நடவு செட்டு அதுக்கப்புறம் ஒரு நாள் சும்மா உக்காரல.

நடவு செட்டுல ஒரு வழக்கம் உண்டு. பதினாலு பொம்பளைங்களுக்கும் ஒரே நம்பர், செட்டைக் கூட்டிக்கினு போறவ நம்பர். செட்டுல ஒருத்தி கலியம்மாள், அவ கையில நல்ல ஃபோனே இருந்தாலும் தனக்கொடி நம்பரைத்தான் குடுப்பா. வேலை பேசறது தனக்கொடி பொறுப்பு. இது எழிலுக்குத் தெரியாதா? தெரியும். ஆப்புல பதினாலு பேருக்கும் அந்த நம்பரைத் தட்டிப் போட்டவனே அவன்தான். யோசிக்கத்தான் இல்ல, படிச்ச முட்டாள்.

மனை விக்கிற கம்பெனி ஒண்ணு அந்தக் கதவு வழியா வந்து அத்தனை நம்பரையும் அள்ளிட்டுப் போச்சு. மனை வேணுமான்னு கம்பெனியோட மிஷினு தானாவே கூப்பிட ஆரம்பிச்சுது. பதினாலு பேருக்குப் பதினாலு தடவை, அந்த ஒரே ஃபோனுக்கு, காலைலயும் மத்தியானமும், அம்மா சேத்துல நிக்கிறப்ப. மூணாவது நாள், இன்னா எழவுடா இதுன்னு தனக்கொடி ஃபோனை அணைச்சு சோத்துக் கூடையில போட்டுட்டா.

அன்னிக்குத்தான் மோட்டார் கொட்டாயில அப்பா மாரிமுத்துவுக்கு நெஞ்சு வலிச்சுது. அவரு பட்டன் ஃபோன்ல ஒண்ணை அழுத்திப் புடிச்சா பொண்டாட்டிக்குப் போவும். வேற யாருக்கும் போடத் தெரியாது. ஆறு தடவை அழுத்தியிருக்காரு. தனக்கொடி நட்டுக்கினு இருந்தது ரெண்டு வயல் தள்ளி.

ஆபீசுலேர்ந்து சாயங்காலம் வூட்டுக்கு வந்த எழில், அந்தக் கதவை மூடிடறேம்மான்னு சொன்னான். தனக்கொடி அப்பாவோட ஃபோனை சார்ஜ்ல போட்டுக்கினு இருந்தா. பதினாறு நாளாத் தெனம் போடறா, எதுக்குன்னு யாரும் கேக்கல.

"மூடினா செட்டுக்கு எவன்டா வேலை குடுப்பான்? அன்னிக்கு ஃபோனை அணைச்சவ நான். கதவு இருக்கட்டும். வர்றவன் யாருன்னு பாத்து வுடு."

திட்டியிருந்தா தேவலாம்னு இருந்துச்சு அவனுக்கு. லேப்டாப்பைத் தொறந்து உக்காந்தான். இனிமே எந்த ஆப்பும் அனுமதி கேட்டுத்தான் உள்ள வரணும், நம்பர் யாருக்கும் தெரியாது, அம்மா சம்மதிச்ச நம்பர்லேர்ந்து வந்தாத்தான் அம்மா ஃபோன் அடிக்கும். யார் யாரைச் சேக்கறதுன்னு கேட்டான். வேலை குடுக்கற காட்டேரிக்குப்பத்து முத்துக்குமரன்ல ஆரம்பிச்சு அம்மா முப்பத்தொரு பேரைச் சொன்னா. ஒவ்வொண்ணா ஏத்தினான். மரக்கட்டையா இருந்தான், வெரல் மட்டும் ஓடுச்சு.

போதுமாம்மான்னு கேட்டான். அவ சார்ஜ்ல இருந்த ஃபோனைப் பாத்தா.

"உங்கப்பா நம்பரைப் போட்டியா?"

பேருன்னு கேட்ட இடத்துல மாரிமுத்துன்னு அடிச்சான். நம்பரைப் போட்டான். கடைசியா ஒரு கட்டம், எதுக்காகக் கூப்பிடுவார்னு. காலியா வுட்டா ஏத்துக்காது, அவனே அப்படி எழுதி வெச்சது. அப்புறம் நெஞ்சு வலின்னு அடிச்சு, அனுமதி குடுத்தான்.