இரண்டு சொட்டு வெள்ளைப் பூ

கைப்பை ஆர்டர் கொடுக்கும் ஜப்பான்காரர் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஆம்பூர் தோல் கம்பெனியின் மேனேஜர் நிசார் அஹமது, அந்த ஜப்பான்காரர் அனுப்பியிருந்த வெள்ளைப் பூ செண்ட்டை லேப் பெண் சோபனாவிடம் கொடுத்தார். அவர்கள் ஊர் மரபுப்படி, குனிந்து முகர்பவருக்கு மட்டும் மணக்கும் அளவில் அதை மாதிரிக் கைப்பையின் தோலில் பூச வேண்டும்.

"ஆறு மாசமா பாக்குறேன், இந்த நாத்தத்துக்கு நீ ஒரு நாள் கூட மூஞ்சி சுளிக்கல. தோலுக்குன்னே பொறந்த மூக்கும்மா உனக்கு. ஆர்டர் கெடச்சா வேல பர்மனன்ட்."

சோபனா தலையாட்டிவிட்டு, அளந்து இரண்டு சொட்டு பூசினாள்.

முப்பது வருடம் தோலோடு பழகிய மூக்கால் நிசார் முகர்ந்து பார்த்தார். "ஒண்ணுமே வரலியே!"

தையல் பிரிவு கெங்கம்மாளும் முகர்ந்தாள். "ஊதுபத்தியே இதவிட ஜாஸ்தி வரும் சார். ரொம்பக் கம்மி."

"நீ இன்னாம்மா சொல்ற?"

"நீங்க சொன்னா சரி சார்," என்று சோபனா இன்னும் பூசினாள். கார் வருவதற்குள் பாதி பாட்டில் காலியாகியிருந்தது.

வந்தவர் வாசற்படியைத் தாண்டவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்தினார். கண்ணில் நீர் வழிய, மரியாதையாகக் குனிந்து வணங்கிவிட்டுக் காருக்கே திரும்பினார்.

நிசார் சோபனாவைப் பார்த்தார். "எங்க மூக்குதான் செத்துப்போச்சு. உனக்குமா தெரியல?"

"தெரியல சார். கொரோனா வந்ததுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியாது."